கேட்டை அறுத்த கதையும் ரோடு போடும் கணக்கும்

எங்கள் வீட்டு இரும்பு கேட்டை இதுவரை இரண்டு முறை அடியில் அறுத்தாயிற்று. வெளிப்பக்கமாகத் திறக்கும் கேட். தெருவில் புதிதாகத் தார் போடும்போதெல்லாம் ரோடு ஒன்றரை இன்ச், இரண்டு இன்ச் ஏறும். இரண்டு மூன்று தடவை ஏறியதும் கேட் தரையில் உரசிக்கொண்டு திறக்க மறுக்கும். கடைசியாக வந்த வெல்டர் டேப்பை வைத்து அளந்து பார்த்துவிட்டு, "சார், நாலு இன்ச் சேர்த்தே அறுத்துடறேன், அடுத்த ரோட்டுக்கும் ஆயிடும்" என்றார். அவர் அனுபவத்தில் ரோடு என்பது ஏறிக்கொண்டே போகிற ஒன்று.

சாலை போடுவதால் சூழல் கெடுகிறது என்றதும் வெட்டிச் சாய்த்த புளியமரமும் தார் கொதிக்கும் கரும்புகையும்தான் மனதில் வரும். இரண்டும் உண்மையே. ஆனால் பெரிய சேதம் வேறு இரண்டு கேள்விகளில் ஒளிந்திருக்கிறது. இவ்வளவு கல்லும் மண்ணும் எங்கிருந்து வந்தது? அது வந்து குவிந்த பிறகு மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது? இரண்டுக்கும் பதில் ரோலர் தெருவுக்குள் நுழைவதற்கு வெகு முன்பே, எஸ்டிமேட் தாளில் எழுதப்பட்டுவிடுகிறது.

முதலில் எங்கள் தெருவையே எடுத்துக்கொள்வோம். 3.75 மீட்டர் அகலம், ஒரு கிலோமீட்டர் நீளம், 40 மில்லிமீட்டர் கனத்தில் மேல்பூச்சு. மொத்தம் 150 கன மீட்டர் கலவை. எடையில் 350 டன்னை ஒட்டி வரும். அதில் தார் 5 முதல் 6 சதவீதம், அதாவது 19 டன் போல. (தார் என்று பழக்கத்தில் சொல்கிறோம். இன்று சாலையில் ஊற்றுவது நிலக்கரியிலிருந்து எடுத்த தார் இல்லை, பெட்ரோலிய சுத்திகரிப்பில் கடைசியாக மிஞ்சும் பிட்டுமன்.) பாக்கி 330 டன் முழுக்கக் கருங்கல் ஜல்லியும் கல்தூளும். ஏதோ ஒரு குன்றின் துண்டு. பழைய ரோட்டின் தலையிலேயே இதைப் போட்டால், அடியில் ஏற்கெனவே கிடக்கும் அதே அளவு நல்ல கல்லைப் புதைத்துவிட்டு, இன்னொரு குன்றின் துண்டைக் கொண்டுவந்து அதன்மேல் வைக்கிறோம். ஐந்து முறை இப்படிச் செய்தால் தெரு 20 சென்டிமீட்டர் உயரும். வீடுகள் இருந்த இடத்திலேயே இருக்கும். அப்புறம் மழைநீர் வடிகாலுக்குப் போக வேண்டிய தண்ணீர் வாசலுக்கு வரும்.

இதற்கான மருந்து ஒன்றும் ரகசியம் இல்லை. பழைய பூச்சை மில்லிங் இயந்திரத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, எடுத்த அளவுக்கு மட்டும் புதிதாகப் போடுவது. தமிழகத்தில் 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு இதைக் கடிதமாகவே எழுதித் துறைகளுக்கு அனுப்பினார்: சாலை மட்டம் ஏறக் கூடாது, பழையதைச் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று.

மில்லிங் எப்படி நடக்கிறது என்று ஒருநாள் இரவு மாடியிலிருந்து வேடிக்கை பார்த்தேன். வண்டியின் வயிற்றில் ஒரு உருளை. அதைச் சுற்றி விரல் கனத்துக்கு நூற்றுக்கணக்கான டங்ஸ்டன் கார்பைடு பற்கள். உருளை சுழன்றதும் ரோட்டின் தோல் மட்டும் உரிந்து, பெல்ட் வழியாக முன்னால் நிற்கும் டிப்பரில் கொட்டுகிறது. பற்கள் சூடேறிவிடாமல் இருக்க அவற்றின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள். டிப்பரில் விழுவது குப்பை இல்லை. ஒவ்வொரு கல்லும் ஏற்கெனவே உடைத்து, சலித்து, தார் பூசப்பட்ட கல். எடையில் நாலைந்து சதவீதம் பழைய தார் அதில் ஒட்டியிருக்கிறது. இதைச் சலித்துப் புதிய கலவையில் கால்பங்கு போலச் சேர்க்கலாம். வெயிலில் கெட்டித்துப்போன பழைய தாரை இளக்க, கொஞ்சம் இளக்கமான ரகத் தாரோ அதற்கென்று உள்ள எண்ணெயோ சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ் இதற்கென 2015-லேயே தனி நெறிமுறை (எண் 120) வெளியிட்டிருக்கிறது.

நெறிமுறையும் கடிதமும் இருந்தும் நடைமுறை ஏன் பின்தங்குகிறது? காரணங்கள் ரொம்பச் சாதாரணமானவை. பத்தடி சந்துக்குள் பெரிய இயந்திரம் திரும்பாது. பாதாளச் சாக்கடை மூடிகள் நடுநடுவே பல்லைப் பதம் பார்க்கும். சுரண்டிய கல்லை வாங்கிப் பயன்படுத்தும் வசதி உள்ள கலவை ஆலை பக்கத்தில் இல்லாவிட்டால், அது ஏதாவது பள்ளமான மனையில் போய்க் கொட்டப்படும். சுரண்டுவது ஒருவர் வேலை, போடுவது இன்னொருவர் வேலை என்று பிரிந்தால் நடுவில் மூன்று வாரம் தெரு கீறல் விழுந்த தோலாகக் கிடக்கும், டூவீலர்கள் வழுக்கும், ஜனங்கள் 'பேசாமல் மேலேயே போட்டிருக்கலாம்' என்பார்கள். எங்கள் தெருவிலும் அதையே சொன்னார்கள். நானும் சொன்னேன்.

தார்ச் சாலை, சூழல் என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து வந்தால் பிளாஸ்டிக் சாலையைப் பேசாமல் தாண்ட முடியாது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்த முறை. 2018-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. முறை அழகானது. கேரி பேக், கப், பாக்கெட் உறைகளைப் பொடிப்பொடியாக வெட்டி, 160, 170 டிகிரி சூட்டில் இருக்கும் ஜல்லியின் மேல் தூவுகிறார்கள். அரை நிமிடத்தில் அது உருகி, லட்டில் பாகு படிவதுபோல ஒவ்வொரு கல்லின் மேலும் படிகிறது. அதற்குப் பிறகுதான் தார். பிளாஸ்டிக் தோல் போர்த்திய கல்லுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது, தாரும் கல்லை விட்டு எளிதில் உரியாது. சென்னை ஜம்புலிங்கம் தெருவில் 2002-ல் இப்படிப் போட்டார்கள். 2015 நவம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் போடும் தார்ச் சாலைகளில் இதைக் கட்டாயமாக்கியது.

நல்ல முறைதான். ஆனால் அதன் அளவையும் பார்க்க வேண்டும். தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் பிளாஸ்டிக் சேரும். மேலே சொன்ன ஒரு கிலோமீட்டர் தெருவுக்கு ஒரு டன் சொச்சம். 330 டன் கல் அப்படியே வந்துதான் ஆக வேண்டும். பழைய ரோட்டின் மேலேயே பிளாஸ்டிக் சாலை போட்டால் கேட்டை இன்னொரு முறை அறுக்கத்தான் வேண்டும். பி.வி.சி. கலந்துவிடக் கூடாது, சூட்டில் குளோரின் வாயுக்கள் வரும். எனவே தரம் பிரிக்கும் கைகள் வேண்டும். டயர் தேய்த்துத் தேய்த்து மேல்பூச்சு தூளாகும்போது அந்தப் பிளாஸ்டிக் எங்கே போகிறது என்ற கேள்வியும் உண்டு. குப்பைக்கு ஒரு வழி என்ற அளவில் இதைப் பாராட்டலாம். 'பசுமைச் சாலை' என்று பலகை வைப்பது கொஞ்சம் அதிகம்.

சூட்டைக் குறைப்பது இன்னொரு வழி. சாதாரணக் கலவையை 150, 160 டிகிரிக்குக் காய்ச்ச வேண்டும். சில வேதிப்பொருட்களைச் சேர்த்தால் 120, 130 டிகிரியிலேயே தார் நன்றாகப் பூசிக்கொள்ளும். ஆலையில் எரிபொருள் மிச்சம், கலவையைப் பரப்பும் பேவர் இயந்திரத்தின் பின்னால் நடந்துகொண்டே வேலை செய்கிறவர்களின் மூக்குக்குப் புகையும் குறைவு. அந்தத் தொழிலாளிகளைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது. காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு மே மாதத்தில் அந்தச் சூட்டில் நிற்கிறார்கள்.

சரி, தெருவை விட்டு நெடுஞ்சாலைக்கு வருவோம். இங்கே கல்லைவிட மண்ணின் கணக்குதான் மலைக்க வைக்கும். நாலு வழிச் சாலை ஒன்று வயல்வெளியில் சராசரியாக இரண்டு மீட்டர் உயரக் கரையின் மேல் போகிறது என்று வையுங்கள். மேலே 25 மீட்டர் அகலம், இரண்டு பக்கமும் சரிவு. ஒரு கிலோமீட்டருக்கு 58,000 கன மீட்டர் மண். டிப்பர் கணக்கில் சொன்னால், நூறு கன அடி ஒரு யூனிட் என்ற வகையில் 20,000 யூனிட்டுக்கு மேல். மூன்று யூனிட் ஏற்றும் வண்டி என்றால் ஏழாயிரம் நடையை ஒட்டி. நூறு கிலோமீட்டர் சாலைக்கு இதை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டருக்கான மண்ணை ஒரு மீட்டர் ஆழத்தில் எடுப்பதானாலும் 14 ஏக்கர் தோண்ட வேண்டும்.

14 ஏக்கர் பட்டா நிலத்தை யார் தோண்டக் கொடுப்பார்கள்? கண் போவது ஏரிக்கும் கண்மாய்க்கும்தான். கோடையில் ஏரியைத் தூர் வாருவது நல்லதுதானே என்று தோன்றும். மேலே படிந்த வண்டலை எடுப்பது நல்லதுதான். உழவருக்கு அது உரம். ஆனால் ரோட்டுக்கு வண்டல் உதவாது, அதற்கு அடியில் இருக்கும் இறுகிய மண்தான் வேண்டும். ஏரியின் மடை ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் கட்டப்பட்டது. மடைக்குக் கீழே பத்தடி தோண்டினால் அந்தப் பத்தடித் தண்ணீர் ஏரியில் இருக்கும், வயலுக்கு வராது. பார்க்கக் கொள்ளளவு கூடியதுபோலத் தெரியும், பாசனத்தில் ஒரு மூட்டை நெல் கூடாது. அடியில் நீரைப் பிடித்துவைக்கும் களிமண் அடுக்கு உடைந்தால் நிலைமை இன்னும் மோசம். சவுடு மண் என்ற பெயரில் பெர்மிட் வாங்கி மணலையே அள்ளிய கதை, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிடும் அளவுக்குப் போனது நமக்குத் தெரியும்.

மண்ணுக்கு மாற்று நம் பக்கத்திலேயே மலையாகக் கிடக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல். எண்ணூர், மேட்டூர், நெய்வேலி, தூத்துக்குடி என்று நாலு மூலையிலும் நிலையங்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2021 டிசம்பர் அறிவிக்கை, அனல்மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் நடக்கும் சாலைப் பணிகளில் சாம்பலைப் பயன்படுத்தச் சொல்கிறது. வரைபடத்தில் காம்பஸ் வைத்துச் சுற்றிப் பாருங்கள், தமிழ்நாட்டில் தப்பிக்கிற ஊரே இல்லை. சாம்பலால் கரை கட்டும்போது அதைத் திறந்து விட முடியாது. இரண்டு பக்கமும் மேலேயும் நல்ல மண்ணால் போர்வை போட வேண்டும், லாரியில் வரும்போது தார்ப்பாய் மூட வேண்டும், நிலத்தடி நீர் மட்டத்துக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். சாம்பலில் கன உலோகங்கள் இருக்கின்றன. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் சாம்பல் படிந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒழுங்காக மூடிக் கட்டினால், ஒரு கிலோமீட்டர் சாலைக்கு ஒரு ஏரியின் அடிவயிறு தப்பும்.

அதைவிட எளிதான கேள்வி ஒன்று உண்டு, அதைத்தான் யாரும் கேட்பதில்லை: கரை இவ்வளவு உயரமாக இருந்தே ஆக வேண்டுமா? ஒவ்வொரு கிராமத்துக் குறுக்கு ரோட்டுக்கும் நெடுஞ்சாலையை மேலே தூக்குவதா, இல்லை குறுக்கு ரோட்டைத் தூக்குவதா? வரைபடத்தில் ஒரு கோட்டை அரை மீட்டர் இறக்கினால் ஆயிரக்கணக்கான யூனிட் மண் எங்கேயும் தோண்டப்படாது.

உயர்ந்த கரை இன்னொரு வேலையும் செய்கிறது. அணையாக மாறுகிறது.

தமிழக நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. தண்ணீர் அப்படித்தான் ஓடும். ஒரு ஏரி நிறைந்து கலிங்கு வழிந்து அடுத்த ஏரிக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு. நம் பெரிய சாலைகளில் பல வடக்கு தெற்காக, இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே போகின்றன. சாலைக்கு மேற்கே தேங்கி நெல் அழுகும், கிழக்கே ஏரி நிறையாமல் கிடக்கும். இரண்டும் ஒரே மழையில் நடக்கும். இடையில் விடப்படும் சிறுபாலங்கள்தான் இதற்கு ஒரே வழி, அவற்றின் எண்ணிக்கையும் அகலமும்தான் எல்லாம். 90 சென்டிமீட்டர் குழாய் ஒன்றைப் பதித்துவிட்டு 'நீர்வழி விடப்பட்டது' என்று எழுதிவிடலாம். ஒரு பனங்கட்டையும் கொஞ்சம் ஆகாயத்தாமரையும் போதும், அடைத்துக்கொள்ளும். அதற்குப் பதில் சதுரப் பெட்டிப் பாலம், உள்ளே ஆள் குனிந்து நடந்து தூர் எடுக்கும் உயரத்தில் இருந்தால் இருபது வருடம் வேலை செய்யும்.

எங்கே விடுவது என்பதும் கேள்விதான். செயற்கைக்கோள் படத்தில் கோடையில் ஓடை தெரியாது, சீமைக்கருவேலம்தான் தெரியும். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் நில அளவைப் புலப்படத்திலும், அ-பதிவேடு என்ற நிலப் பதிவேட்டிலும் 'ஓடை', 'வாய்க்கால்' என்று எழுதியிருக்கும். ஊரில் எழுபது வயது ஆளைக் கேட்டால், எந்த வருடம் எந்தக் கருவேல மரம் வரை தண்ணீர் வந்தது என்று கையைக் காட்டுவார். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, ஸ்ரீவைகுண்டம் அருகே ரயில் பாதைக்கு அடியில் இருந்த மண் அரித்துப் போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அவ்வளவு மழைக்கு எந்தக் கட்டுமானமும் திணறும். ஆனால் கரையில் போதுமான வாய் இல்லாவிட்டால் வெள்ளம் தானே வாய் திறந்துகொள்ளும் என்பது ரோட்டுக்கும் பொருந்தும்.

காட்டுக்குள் போகும் சாலையில் தண்ணீருக்குப் பதில் யானை. ஸ்ரீநகரில் தொடங்கி ஓசூர், சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரியில் முடியும் அதே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, மகாராஷ்டிரத்தில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிப் போகிறது. அங்கே வழக்குகளுக்குப் பிறகு சாலையை ஒன்பது இடங்களில் தூக்கி, அடியில் விலங்குகளுக்கு வழி விட்டார்கள். மிக நீளமான வழி 750 மீட்டர். 2019-ல் அங்கே வைத்த கேமராக்களில் புலி உட்பட 18 வகைக் காட்டு விலங்குகள் பதிவாகின. விலங்குக்குப் பாலம் கட்டினால் அது வருமா என்று கேட்டவர்களுக்கு அது போதும்.

எல்லா இடத்திலும் தூண் எழுப்ப முடியாது. சத்தியமங்கலம் காட்டில் 27 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை, உள்ளூர் மக்களுக்குச் சில விலக்குகளோடு. பந்திப்பூரில் 2009-லிருந்தே இரவு 9 முதல் காலை 6 வரை தடை உண்டு. இதற்குச் சிமென்ட் ஒரு மூட்டைகூடத் தேவைப்படவில்லை; தேவைப்பட்டது ஒரு செக்போஸ்ட்டும் லாரி உரிமையாளர்களின் கோபத்தைத் தாங்கும் பொறுமையும். வால்பாறையில் இன்னும் மலிவான ஒன்று. ரோடு அகலமாகி இரண்டு பக்க மரக்கிளைகளும் பிரிந்துவிட்டதால் சோலைமந்திகள் இறங்கி ரோட்டைக் கடந்து அடிபட்டுக்கொண்டிருந்தன. பழைய தீயணைப்புக் குழாய்களின் கேன்வாஸ் துணியை முறுக்கி மரத்துக்கு மரம் கட்டினார்கள். தாய் முதலில் தொட்டுப் பார்க்கும், அப்புறம் குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு கீழே போகும் பஸ்ஸைப் பார்த்தபடியே கடக்கும்.

இதையெல்லாம் முன்கூட்டியே யோசிக்க வைக்கத்தான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்ற ஏற்பாடு. ஆனால் 2013-ல் செய்த திருத்தத்தின்படி, இருக்கிற தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்துவது 100 கிலோமீட்டரைத் தாண்டி, கூடுதல் நிலமும் குறிப்பிட்ட அகலத்தைத் தாண்டினால்தான் அந்த அனுமதி வேண்டும். 100 என்று ஒரு கோடு போட்டால் 99 கிலோமீட்டரில் திட்டங்கள் பிறக்கும் என்பதைச் சொல்ல ஜோசியம் தேவையில்லை. 277 கிலோமீட்டர் சென்னை–சேலம் எட்டு வழிச் சாலை வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டத்தை அனுமதித்தாலும், பணியைத் தொடங்கும் முன் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்றது. சாலையைத் துண்டு துண்டாகப் பிரித்து அனுமதி கேட்கும் பழக்கத்தை ஆராய நிபுணர் குழு அமைக்கவும் சொன்னது. மரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: ஒன்று வெட்டினால் பத்து நடு. எண்பது வருடப் புளியமரத்துக்குப் பத்துக் குச்சிகள். அந்த மரத்தின் மகசூலை நெடுஞ்சாலைத் துறை வருடாவருடம் ஏலம் விட்டுக்கொண்டிருந்தது. நட்ட பத்தில் எத்தனை மூன்றாவது கோடையைத் தாண்டின என்று ரோட்டோரம் நின்று எண்ணிப் பார்த்தால் ஏலம் விட என்ன மிஞ்சும் என்பது புரியும். வளைவை நாலு மீட்டர் தள்ளி வரைந்து மரத்தை நிற்க விடுவது பத்தைவிடப் பெரிய எண்.

எங்கள் தெருவுக்குப் புது ரோடு போன வருடம் வந்தது. மில்லிங் செய்தே போட்டார்கள். சுரண்டிய பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தபோது பழைய ரோடு வெங்காயத் தோல் மாதிரி உரிந்திருந்தது. எடுத்தது ஒன்றரை இன்ச், போட்டதும் ஒன்றரை இன்ச். மட்டம் ஏறவில்லை. ஆகவே வெல்டர் 'அடுத்த ரோட்டுக்கும்' என்று சேர்த்து அறுத்த நாலு இன்ச் அப்படியே இடைவெளியாக நிற்கிறது. எதிர் வீட்டுப் பூனை அதன் வழியாகத்தான் வந்து போகிறது. அடியில் ஒரு தகடு வைத்துப் பற்றவைக்க அதே வெல்டரைக் கூப்பிட்டிருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள், அடுத்த ரோட்டையும் பார்த்துவிட்டு வைக்கலாம் என்கிறார்.